எக்ஸல் நட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு டொயோட்டா கொரோலா, எல்லோரும் 'வன் டென்' என்று சொல்கிற 110. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் எங்கள் படுவான்கரையில் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ பிள்ளைப்பேற்று வலி வந்தாலோ எங்களைப் போன்ற நாலைந்து பேருடைய தொலைபேசிதான் அடிக்கும். மண்முனையில், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் கார் ஏற்றிக் காத்துக்கிடந்த காலம் 2014இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. இப்போது ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி தாண்டிப் போதனா வைத்தியசாலைக்குப் போவது பெரிய காரியமில்லை, கார் சரியாக இருந்தால்.

அந்தக் 'கார் சரியாக இருந்தால்' என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறிப்பாக, முன் சில்லுகளைச் சுழற்றுகிற எக்ஸலைக் கழற்றித் திரும்பப் பூட்டும் வேலையைப் பற்றி.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மாரி தொடங்கிய நேரம், என் காரின் வலப்பக்க எக்ஸலின் வெளிப் பூட் கிழிந்துவிட்டது. பூட் என்பது மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை. அதற்குள் சீவி ஜொயின்ட் கிரீசில் ஊறிக் கிடக்கும். சில்லு எந்தப் பக்கம் திரும்பினாலும், பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும், சுழற்சி அறாமல் போவது அதற்குள் இருக்கும் ஆறு குண்டுகளால்தான். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே வீசுப்படும். மணலும் சேற்றுத் தண்ணீரும் உள்ளே போகும். எங்கள் பக்கத்துக் கிறவல் வீதியில் ஒரு மாதம் அப்படியே ஓடினால் போதும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்கத் தொடங்கிவிடும். எனக்கு அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஒரு கராஜில் கொடுத்தேன். அது எந்த ஊர், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். அந்த பாஸ், அதாவது மெக்கானிக், கெட்டவரும் இல்லை. தனக்கு வேலை பழக்கியவர் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தார்.

புதுப் பூட் போட்டார். எக்ஸல் நட்டை ஒரு நீளக் குழாய் செருகி, ஏறி மிதித்து இறுக்கினார். நட்டுக்கு மேலே வைக்கிற பல்லுள்ள பூட்டு மூடியையும் வைத்தார். அந்த மூடிக்குக் குறுக்கே போக வேண்டிய ஸ்பிளிட் பின் கழற்றும்போதே முறிந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் கட்டுக்கம்பியைக் கோர்த்து முறுக்கிவிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

மூன்று கிழமை போயிருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு கர்ப்பிணித் தாயையும் அவவுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். மண்முனைப் பாலத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கியது. முதலில் காற்றுப் போய்விட்டது என்று நினைத்தேன். இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்தால் ரயரில் காற்று இருக்கிறது, ஆனால் நடுவில் இருந்த மூடியைக் காணவில்லை, கம்பியையும் காணவில்லை. எக்ஸல் நட்டை விரலால் சுற்றினேன். விரலால். அது சுற்றியது.

அந்தத் தாயாரின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "தம்பி, போகலாமா?" என்று அவ ஒருமுறைதான் கேட்டா. தெரிந்த முச்சக்கர வண்டிக்காரப் பையனைக் கூப்பிட்டு, அவன் வரும் வரைக்கும் இருபது நிமிடம் வாவிக் காற்றில் நின்றோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது, அது வேறு. அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை.

பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அந்த நட்டு எக்ஸலைக் கழன்று விழாமல் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. சில்லுப் பெயாரிங்கின் உள் வளையங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று நெரித்துப் பிடிப்பதும் அதுதான். நட்டு இளகினால் பெயாரிங் ஆடும், ஆடினால் அரைபடும். அந்த நட்டை இறுக்காமல் காரை நிலத்தில் இறக்கி உருட்டுவதே கூடாது என்கிறார்கள். எனக்குப் பெயாரிங்கும் போயிற்று, நாலு நாள் உழைப்பும் போயிற்று. ஒரு ஸ்பிளிட் பின்னின் விலை அந்தப் பெயாரிங்கின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

சில மாதம் கழித்து இடப்பக்க ரப்பர் உறையும் வெடித்தது. இந்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். வீட்டு முற்றத்து மாமரத்தடியில், என் மூத்த மகள் தரம் 11இல் படிக்கிறவள், அவளை உதவிக்கு வைத்துக்கொண்டு. டொயோட்டாவின் திருத்தக் கைநூலில் இருந்து எக்ஸலுக்குரிய பக்கங்களை அவள் தொலைபேசியில் தேடி எடுத்தாள். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழில் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. தமிழில் இப்படி ஒன்றை நான் அதற்கு முன்பு கண்டதேயில்லை. கராஜில் வேலை பழகும் பையன்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

காரை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். சீமெந்துப் புளொக்கல்லையும் நம்பாதீர்கள், அது சொல்லாமல் வெடிக்கும். நான் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன்.

கழற்றுவதை விரிவாகச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். கியர்பொக்ஸ் ஒயிலை முதலில் வடித்துவிட வேண்டும். கீழ்க் கையில் இருந்து போல் ஜொயின்டை விடுவித்து, சில்லுத் தாங்கியை வெளியே இழுத்து, எக்ஸலின் வெளி முனையை மரக்கட்டை வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். எக்ஸலைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். எக்ஸல் தண்டைப் பிடித்து வெறிகொண்டு இழுக்கக் கூடாது. இழுத்தால் கியர்பொக்ஸ் பக்கத்து உள் ஜொயின்டில் இருக்கிற மூன்று உருளைகளும் உறைக்குள்ளேயே தம் கூட்டை விட்டுக் கழன்றுவிடும், வெளியே இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

பழைய கிரீசை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பாக வழுக்க வேண்டிய கிரீஸ் சாம்பல் நிறத்தில், பல்லுப்பொடி மாதிரி நறநறவென்றது. வாவிக்கரை மணல். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, குண்டுகள் ஓடும் பள்ளங்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வடு விழுந்திருந்தால் ஜொயின்டையே மாற்ற வேண்டும். எங்களுக்கு விழவில்லை. புது உறையோடு வந்த கிரீஸ் முழுவதையும் உள்ளே வைத்தோம். உறையின் சிறிய வாய் எக்ஸலில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு, உள்ளே அடைபட்ட காற்றை ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் விட்டுவிட்டுத்தான் கிளிப் போட வேண்டும். காற்று அடைபட்டு உறை உப்பியிருந்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிச் சீக்கிரமே கிழிந்துவிடும்.

இனி, பூட்டுகிற வேலை. பிழை விடுவதெல்லாம் இங்கேதான்.

எக்ஸலின் உள் முனையில், பற்களுக்கு நடுவே ஒரு வெட்டில், மெல்லிய கம்பி வளையம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் திறந்த வளையம். கியர்பொக்சுக்குள் எக்ஸலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பழைய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நெரிந்து வெளியே வந்த கம்பிக்குப் பழைய விறைப்பு இருக்காது. புது வளையத்தைப் போட்டு, அதன் திறந்த வாய் கீழே பார்த்திருக்கும்படி வைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும் என்று கைநூலில் இருந்தது. மகள் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தாள். நான் அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை. எக்ஸலை உள்ளே தள்ளினேன், போய்விட்டது என்று நினைத்தேன். மீதியையும் பூட்டி, ஒயில் விட்டு, இரவில் கை கழுவினேன். விடிய எழும்பிப் பார்த்தால் மாமரத்தடியில் தட்டளவுக்கு ஒயில். எக்ஸல் முழுக்கப் போய் இருக்கவில்லை. போதாக்குறைக்கு, நான் சரித்துத் தள்ளியதில் எக்ஸலின் பல், ஒயில் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டையும் கீறிவிட்டிருந்தது.

திரும்ப எல்லாவற்றையும் கழற்றினேன். புதுச் சீல் போட்டு, அதன் உதட்டில் கிரீஸ் தடவி, இந்த முறை மகள் வெளி முனையை மட்டமாகத் தூக்கிப் பிடிக்க, நான் நேராகத் தள்ளி, கடைசியில் கட்டை வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். காதுக்குக் கேட்டதைவிடக் கைக்குத்தான் தெரிந்தது, 'டிக்' என்று ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் விழுந்த மாதிரி. முதல் நாள் அது வரவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு உள் ஜொயின்டின் கூட்டைக் கையால் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். வரக் கூடாது. ஆனால் அசையாமல் இறுகிப்போயும் இருக்கக் கூடாது; உள்ளும் வெளியுமாக 2 முதல் 3 மில்லிமீற்றர் ஆட வேண்டும். மகள் தன் அடிமட்டத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். ஆடியது.

அடுத்தது அந்த நட்டு. என் காருக்கு 30 மில்லிமீற்றர் சொக்கட். இறுக்க வேண்டிய அளவு 216 நியூட்டன் மீற்றர் என்று கைநூல் சொல்கிறது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச் எங்களிடம் இல்லை. கேட்டுப் பார்த்த இரண்டு கராஜிலும் இல்லை. "கை அளவுதான் அண்ணன், பழகினால் தெரியும்" என்றார்கள். எந்தக் கையின் அளவு? அறுபது கிலோ ஆள் மிதிப்பதும் தொண்ணூறு கிலோ ஆள் மிதிப்பதும் ஒன்றா?

மகள்தான் சொன்னாள்: "அப்பா, இது நாங்க தரம் பத்தில படிச்ச விசையின் திரும்பல் விளைவுதானே. நிறையைத் தூரத்தால பெருக்கினாச் சரி."

"அதைப் படிச்சு என்ன புள்ள, இங்க கணக்குப் போடவா முடியும்?" என்றேன்.

"ஒரு மீற்றர் குழாய் எடுங்க. 22 கிலோவைத் தொங்கவிடுவம்."

ஒரு கிலோ 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கும்; 216ஐ 9.8ஆல் பிரித்தால் 22. அவ்வளவுதான் கணக்கு. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் சொக்கட் பிடியில் செருகி, நட்டின் நடுவில் இருந்து சரியாக ஒரு மீற்றரில் கோடு கீறினோம். மண் நிரப்பிய உரப்பையைப் பக்கத்து வீட்டு நெல்லுத் தராசில் நிறுத்தோம். அப்போது அவள், "குழாய்க்கும் பாரம் இருக்கே" என்றாள். அதையும் நிறுத்தோம், பிடியோடு சேர்த்து 3 கிலோ. ஒரு தடியின் மேல் வைத்துச் சமன் பார்த்ததில் அதன் பாரம் நட்டில் இருந்து அரை மீற்றரில் நிற்கிறது. ஆகவே அது ஒரு மீற்றரில் தொங்கும் ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். பையில் இருந்து ஒன்றரைக் கிலோ மண்ணை எடுத்துவிட்டு 20.5 கிலோவாக்கினோம்.

மனைவி உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடித்தா. குழாயைக் காரின் பின்பக்கமாகச் சற்று மேல்நோக்கி நீட்டி, பையைக் கொளுவி, கையால் தாங்கியபடி மெல்ல மெல்ல விட்டேன். நட்டு முனகிக்கொண்டு சுற்றியது. குழாய் மட்டத்துக்கும் கீழே போய் நின்றது. சரிந்து நின்றால் கணக்குப் பிழைக்கும், குழாய் நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்கும்போதுதான் அந்த 216 முழுதாக விழும். சொக்கட்டைக் கழற்றி, ஒரு பல் மேலே வைத்து, திரும்பவும் பையை விட்டேன். இந்த முறை குழாய் மட்டத்தில் நின்றது. பை ஆடாமல் தொங்கியது. நான் இருபது வருடமாக ஏறி மிதித்தே இறுக்கிய நட்டு அது. இதுதான் சரியான இறுக்கம் என்று அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

அதே குழாயில் 9 கிலோ தொங்கவிட்டால், குழாயின் ஒன்றரைக் கிலோவும் சேர்ந்து சில்லு நட்டுகளுக்குரிய 103 நியூட்டன் மீற்றர் வந்துவிடும். கராஜில் காற்றழுத்தத்தில் ஓடுகிற இறுக்கும் கருவியால் இறுக்கி அனுப்புகிற சில்லு நட்டை நடுவீதியில் ஒரு பெண்பிள்ளை தனியே நின்று கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். அங்கே அளவுக்கு மேல் இறுக்கம், எக்ஸலிலோ அளவே இல்லை.

ஸ்பிளிட் பின்னுக்காகக் காத்தான்குடியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் ஒரு வயதான காக்கா, முஸ்லிம் பெரியவர், உள்ளே போய், பழைய பால்மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டி, எனக்குரிய தடிப்பத்தில் இரண்டைப் பொறுக்கித் தந்தார். "தம்பி, இத ஆரும் கேட்டு வாறல்ல. கம்பியப் போட்டு முறுக்கிட்டுப் போறாக" என்றார். காசு வாங்க மறுத்தார். நான் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காருக்கு இப்போது ஒரு சத்தமும் இல்லை. மழைக்காலம் ஒன்றைத் தாண்டிவிட்டது.

இதை நான் எழுதுவது என் காருக்காக இல்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. திறந்தும் என்ன, விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடுகிற 110, நிசான் சனி, பழைய சுசுகி அல்ட்டோ எல்லாம் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. அவற்றின் எக்ஸல் உறைகள் கிழியத்தான் போகின்றன. வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள், எக்ஸல் நட்டில் பின் இருக்கிறதா கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக்கூடியவர்கள் கராஜ்காரரும் நாங்களும் மட்டும்தான்.

ஆகவே கேட்கிறேன். கராஜ்களுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கிற பிரதேச சபைகள், ஒவ்வொரு கராஜிலும் ஒரு டோர்க் ரென்ச்சாவது இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாதா? தனித்தனியாக வாங்க வசதி இல்லையென்றால், சபையே இரண்டு மூன்றை வாங்கி நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். எங்கள் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படிப்பிக்கிற ஆசிரியர்கள், நம் பக்கத்தில் அதிகம் ஓடும் பத்து வாகனங்களை எடுத்து, எக்ஸல் நட்டு, சில்லு நட்டு, போல் ஜொயின்ட் ஒவ்வொன்றுக்கும் உரிய இறுக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தால், அதைச் சுவரில் ஒட்டிவைக்க எந்த பாஸும் மறுக்கமாட்டார். அதற்குப் பக்கத்திலேயே திரும்பப் பாவிக்கக் கூடாத சாமான்களின் பெயர்களும் இருக்கட்டும்: ஸ்பிளிட் பின், எக்ஸல் உள் முனைக் கம்பி வளையம், பூட் கிளிப். வாடிக்கையாளரும் பில்லில் இவை இருக்கின்றனவா என்று கேட்கப் பழக வேண்டும். நான் அன்று கேட்டிருந்தால் அந்தத் தாயார் பாலத்தடியில் நின்றிருக்கமாட்டா.

மகள் எழுதிய கொப்பியின் மூன்று பக்கங்களையும் படியெடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். 110 வைத்திருப்பவர்களுக்கு அப்படியே உதவும். இடம் இருந்தால் பிரசுரியுங்கள். சனி, அல்ட்டோ, வெகன் ஆர் கைநூல்களைப் பார்த்து வேலை செய்கிற வாசகர்கள் யாரும் இருந்தால், அவற்றின் எக்ஸல் நட்டு அளவுகளையும் உங்கள் முகவரிக்கு எழுதி அனுப்பட்டும். தமிழாக்க வேண்டியிருந்தால் மகள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்று மட்டும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
வாடகைக் கார்ச் சாரதி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.